உங்கள் பட்டறையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பேட்டரிக் கடை, ரேடியேட்டர் பட்டறை, லாரி பெயின்டிங், நகைப் பட்டறைத் தம்பிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார்களுக்கு,

கல்யாணமாகி இரண்டு ஆடிப்பூரம் போனபிறகும் வீட்டில் விசேஷம் இல்லையென்றால் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். அதற்கப்புறம் மருமகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறுவார்கள். ஸ்கேன், நீர்க்கட்டி, தைராய்டு என்று அந்தப் பிள்ளையின் பைல் மாதாமாதம் தடித்துக்கொண்டே போகும். உங்கள் முறை வருவதற்கு ஒரு வருஷம் ஆகும். வந்தாலும் அம்மாவுக்குத் தெரியாமல், ஒரு சின்ன டப்பாவோடு முடிந்துவிடும். விந்தணு எண்ணிக்கை குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் சத்து மாத்திரை எழுதுவார்கள். சிகரெட் உண்டா, தண்ணி உண்டா என்று கேட்பார்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் "சொந்தமா கடை வச்சிருக்கேன்" என்று நீங்கள் சொல்ல, அவர் அதையே எழுதிக்கொள்வார். என்ன கடை என்பது அதோடு போச்சு.

அந்த ஒரு விவரத்துக்காகத்தான் இவ்வளவு நீள மடல்.

நோயாளியிடம் அவன் தொழிலைக் கேட்க வேண்டும் என்று 1700-லேயே எழுதிவைத்தவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர். குயவர், பெயின்டர், கண்ணாடிக்குப் பாதரசம் பூசுகிறவர் என்று பட்டறை பட்டறையாகப் போய்ப் பார்த்து, தொழிலாளிகளின் நோய்களுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். முந்நூறு வருஷம் கழித்தும் நம் ஊர்ச் சீட்டில் பெயரும் வயதும் எடையும் மட்டும்தான் இருக்கிறது.

நம் ஊரைத் தறியும் பால்கோவாவும் பஞ்சாலையுமாகத்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற நெடுஞ்சாலை நம் இரண்டு ஊர் நடுவிலேயும் போகிறது. செங்கோட்டை வழியாகக் கேரளா போகிற லாரிக்கு பேட்டரி இறங்கினாலும், ரேடியேட்டர் ஒழுகினாலும், பாடி நசுங்கினாலும் ஓரமாக நிறுத்த இடம் வேண்டும். அப்படி வளர்ந்தவைதான் சாலையோரத்துப் பட்டறைகள். போதாக்குறைக்கு 2012 மின்வெட்டு வந்தது. பாதி நாள் கரண்ட் இல்லாத அந்த வருஷத்தில் வசதி உள்ள வீடெல்லாம் இன்வெர்ட்டர் வாங்கியது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆயுசு சில வருஷம்தான். அந்தப் பழைய பேட்டரிகளெல்லாம் யார் கையில் வந்து இறங்கின என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரீகண்டிஷன் வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மேலே இருக்கும் தாரைச் சூடுகாட்டி இளக்கி, மூடியைப் பெயர்த்து, ஆசிட்டைச் சாய்த்துவிட்டு, செல்லை இடுக்கியால் பிடித்து இழுப்பான் பையன். பாசிட்டிவ் பிளேட்டில் சாக்லேட் நிறத்தில் ஒட்டியிருப்பது ஈய ஆக்சைடு, நெகட்டிவ் பிளேட்டில் சாம்பல் நிறத்தில் இருப்பது பஞ்சு போன்ற ஈயம். தட்டினால் இரண்டும் பொடியாக உதிரும். காய்ந்தபிறகு யாராவது விளக்குமாறு எடுத்துப் பெருக்குவார்கள். அவசரமென்றால் கம்ப்ரசர் காற்றை அடித்து ஊதிவிடுவார்கள். அந்நேரம் டீயும் வடையும் வரும். கையை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டு வடையை எடுப்பான். ஆசிட்டுக்கு எல்லோரும் பயப்படுகிறீர்கள், ஏனென்றால் பட்டால் சுடும், சட்டை ஓட்டையாகும். ஈயம் சுடாது, நாறாது, எரியாது. அது பாட்டுக்கு வடையோடு உள்ளே போகும்.

பெரியவர்கள் உடம்பு, விழுங்கிய ஈயத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் இன்னும் கூடும். காலையில் சாப்பிடாமல் கடை திறக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள். மூச்சு வழியாகப் போகும் நுண்துகள் அதைவிட எளிதாக ரத்தத்தில் சேரும். ஈயம் 327 டிகிரியில் உருகும். டெர்மினல் வார்க்கும்போது கேஸ் நெருப்பு அதற்கு மேலே ரொம்ப தூரம் போய்விடும், அப்போது கிளம்புவது தூசியில்லை, புகை. மூக்கில் கட்டும் துண்டு அந்தப் புகைக்கு ஒரு தடையே இல்லை. பஞ்சாலைத் தூசிக்கு வெல்லம் தின்றால் போய்விடும் என்று தாத்தா காலத்து நம்பிக்கை ஒன்று நம் ஊரில் உண்டு. பஞ்சுக்கே அது கேள்விக்குறி. ஈயத்துக்கு வெல்லமும் வேலை செய்யாது, வாழைப்பழமும் வேலை செய்யாது.

ரத்தத்தில் சேர்ந்த ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் கொண்டுபோய் வைத்துவிடும், அங்கே பல வருஷம் கிடக்கும். வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, மலச்சிக்கல், மூட்டுவலி, காரணமில்லாத அசதி, இதெல்லாம் அது காட்டும் அடையாளங்கள். நீங்கள் வாயு என்று சோடா குடித்துவிட்டுப் போவீர்கள். ஆண்மைப் பக்கம் நடப்பது இன்னும் சத்தமில்லாமல் நடக்கும். மூளையின் அடியிலிருந்து விரைக்கு வரும் ஹார்மோன் கட்டளைகளில் ஈயம் குளறுபடி செய்யும். விந்தணுவின் தலைக்குள் மரபுச் சரடை இறுக்கிச் சுருட்டிவைக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதற்குத் துத்தநாகம் வேண்டும். ஈயம் அந்தத் துத்தநாகத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணிக்கை குறையும், ஓட்டம் குறையும், உருவம் கோணும். உறவில் ஒரு குறையும் தெரியாது. அதனால்தான் "எனக்கு ஒண்ணுமில்லைய்யா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிடுகிறோம். பழி அந்தப் பிள்ளை தலையில் விழுகிறது.

இது ஊகம் இல்லை. 1975-ல் ருமேனியாவில் பேட்டரித் தொழிற்சாலை ஆட்களை வைத்துச் செய்த ஆய்வில், ஈயம் ஏறிய ஆண்களின் விந்தணுக்கள் குறைந்தும் சோர்ந்தும் உருமாறியும் இருப்பதைக் காட்டினார்கள். 2002-ல் இங்கிலாந்து, இத்தாலி, பெல்ஜியம் மூன்று நாடுகளில் 503 தொழிலாளிகளைப் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தவர்களின் விந்தணு அடர்த்தி ஏறக்குறையப் பாதியாக இருந்தது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 1978-லேயே, பிள்ளை பெற நினைக்கும் ஆணோ பெண்ணோ 30-க்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிவைத்தது. ஆணையும் சேர்த்துச் சொன்னது என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது.

நகைப் பட்டறைக்காரர்களே, உங்கள் கதை வேறு. பழைய காலத்தில் பற்றுவைக்கச் செம்பு கலந்த பொடி போட்டார்கள். அதனால் நகையின் மாற்றுக் குறைந்தது. அதற்கு மாற்றாக வந்ததுதான் காட்மியப் பற்று, ஊரெல்லாம் பெருமையாகச் சொன்ன கேடிஎம். தங்கம் உருகுவது 1064 டிகிரியில். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஊதுகுழலைப் பிடித்துக்கொண்டு நகைக்கு ஒரு சாண் பக்கத்தில் குனிந்திருக்கும் ஆசாரியின் மூக்குக்கு அந்த ஆவி நேரே போகிறது. 1950-களில் செக் நாட்டு ஆய்வாளர் பாரிசெக், எலிகளுக்குச் சிறிதளவு காட்மியம் கொடுத்தாலே விரைத் திசு அழிந்துபோவதைக் காட்டினார். மனித உடம்பில் அது சிறுநீரகத்தில் தங்கிப் பத்து, இருபது வருஷம் இருக்கும்.  பற்றுவைக்கும்போது காட்மியம் பட்டறையிலேயே புகையாகிறது. வாங்குகிறவரைவிடக் கேடு செய்தவருக்குத்தான் அதிகம். ஹால்மார்க் வந்தபிறகு துத்தநாகம் மாதிரி வேறு உலோகங்களுக்கு மாறிவிட்டார்கள் என்கிறார்கள். உங்கள் டப்பாவில் இருப்பது எது என்று கொடுத்தவரிடமே கேளுங்கள். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு அதே காட்மியம் புகையிலை வழியாக வருகிறது. புகையிலைச் செடி மண்ணிலிருந்து அதை நன்றாகவே உறிஞ்சும்.

லாரி பாடி பெயின்டர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. விதி வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உள்ள பெயின்டுக்கு மட்டும். லாரிக்கும் இரும்பு கேட்டுக்கும் அடிக்கும் தொழில் பெயின்டுகளை அது தொடவில்லை. பழைய மஞ்சளையும் சிவப்பையும் எமரி போட்டு உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்த்தாலே தூசி பெருமளவு அடங்கும்.

காலை ஆறு மணி வேனில் சிவகாசிப் பட்டாசு ஆலைக்குப் போகிற பிள்ளைகள் நம் சுற்றுப்பட்டில் ஏராளம். 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஐந்தையும் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. காற்று மாசுக்காகத் தொடுத்த வழக்கில் வந்த உத்தரவு அது, டில்லிக் குழந்தைகளின் நுரையீரலை நினைத்துப் போட்டது. மருந்து கலக்குகிறவனின் ரத்தத்தை யாராவது எடுத்துப் பார்க்கச் சொன்னார்களா? படபடவென்று பொரியும் ரகங்களுக்குச் செந்நிற ஈய ஆக்சைடு போடுவது தொழிலில் பழைய வழக்கம். கலவை அறையில் சிவப்புப் பொடி இருந்தால் அது என்னவென்று போர்மேனிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நான் சொல்ல நினைத்ததில் எனக்கு மிகக் கோபம் வரும் இடத்துக்கு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பாருங்கள். ஆண்மைக் குறைவா, குழந்தையின்மையா, கவலை வேண்டாம், பிரதி மாதம் இன்ன தேதி இன்ன லாட்ஜில் வைத்தியர் முகாம், ரகசியம் காக்கப்படும். 1954-லேயே ஆண்மை பெருக்கும் மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது எனச் சட்டம் போட்டாயிற்று. நோட்டீஸுக்கு அது தெரியாது. மாடியேறிப் போனால் நாடி பிடிப்பார், நாக்கைப் பார்ப்பார், ஒரு மண்டலத்துக்கு மருந்து தருவார். லேகியம் ஒரு டப்பா, காகிதத்தில் மடித்த பொட்டலங்கள் நாற்பத்தெட்டு. பொட்டலத்தில் செங்கல் நிறப் பொடி. பெயர் கிடையாது, லேபிள் கிடையாது. கேட்டால் சதுரகிரி மூலிகை என்பார்.

மூலிகைக்குச் செங்கல் நிறம் ஏன்? செந்தூரமும் பற்பமும் உலோகத்தையும் பாடாணத்தையும் புடம்போட்டுச் செய்பவை. அதில் பாதரசம், ஈயம், கந்தகம், தாளகம் என்று பல சேரும். படித்த சித்த மருத்துவரிடம் அதற்குச் சுத்தி முறை உண்டு, அளவு உண்டு, பத்தியம் உண்டு, கைநாடி பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு உண்டு. அவரையும் லாட்ஜ்காரரையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் பொட்டலத்துக்குள் இருப்பது புடம் முடிந்ததா, பாதி வெந்ததா, வெறும் ஈயப் பொடியா என்று உங்களுக்கோ எனக்கோ கண்ணால் பார்த்துத் தெரியாது. 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் சுற்றுவட்டாரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள். 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அவை லேபிளோடு கடையில் அடுக்கி விற்றவை. மூலிகை மருந்துக்கு நம் நாட்டு வரம்பு பத்து லட்சம் பங்கில் ஈயம் 10, பாதரசம் 1. பொட்டலத்தை அளக்க யார் வருவார்?

யோசித்துப் பாருங்கள். பேட்டரிக் கடையில் ஈயம் ஏறி எண்ணிக்கை குறைந்த ஒருவன், அதைச் சரிசெய்யக் கடன் வாங்கிக்கொண்டுபோய் இன்னொரு உலோகத்தை நாற்பத்தெட்டு நாள் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறான். சித்த மருந்துதான் எடுக்க வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையில் சித்தப் பிரிவு இருக்கிறது, போங்கள். உரிம எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல் இருக்கிற மருந்தை மட்டும் வாங்குங்கள். அங்கேயும் என்ன பட்டறை என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பைக் கண்டு பதற வேண்டாம்; அது வெள்ளீயம். காரீயம் கலந்து மலிவாக விற்கும் ஆளிடம் வாங்கினால்தான் வம்பு.

உலோக நஞ்சுக்காகத் தொழிலாளி நியாயம் கேட்ட கதை நம் மலைத்தொடரிலேயே இருக்கிறது. கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசக் கண்ணாடித் துண்டுகளை மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடைக்கு விற்றது 2001-ல் அம்பலமாகி மூடப்பட்டது. கம்பெனி, தொழிலாளர் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றே சொல்லிவந்தது. பதினைந்து வருஷம் போராடி, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு ஒரு சமரசம் கிடைத்தது. அவர்களுக்கு ஒரு கம்பெனி இருந்தது, கேட்டு இருந்தது, வருகைப் பதிவேடு இருந்தது, எதிரே நிறுத்த ஒரு பெயர் இருந்தது. உங்களுக்கு அண்ணாச்சியும் ஒரு தகர ஷெட்டும். ஈய நச்சை 1948 தொழிற்சாலைகள் சட்டம், மருத்துவர் கண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலாவதாக வைத்தது. தகர ஷெட்டில் அந்தச் சட்டத்தைப் பேச ஆளில்லை. அதனால்தான் நான் சட்டத்தை விட்டுவிட்டு உங்கள் சீட்டுக்கு வருகிறேன்.

டாக்டரிடம் போகும்போது "கடை" என்று சொல்லாதீர்கள். பேட்டரி பிளேட் கழற்றுகிறேன், ரேடியேட்டருக்கு ஈயப் பற்று வைக்கிறேன், காட்மியம் வைத்து ஊதுகிறேன், லாரி பெயின்ட் சுரண்டுகிறேன், எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று சொல்லுங்கள். ரத்தத்தில் ஈய அளவு பார்க்க எழுதிக் கேளுங்கள். இங்கே ரத்தம் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், முடிவு வரச் சில நாள் ஆகும். கை நன்றாகக் கழுவிச் சுத்தமான சட்டையோடு போங்கள். விரலில் ஒட்டிய ஈயம் சாம்பிளில் விழுந்தால் கணக்கு தப்பிவிடும். விந்துப் பரிசோதனைக்கு இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டுப் போக வேண்டும். ஒரு தடவை குறைவாக வந்தால் முடிவு கட்டாதீர்கள். திரும்பவும் பார்க்கச் சொல்வார்கள்.

ஈயம் கூடுதலாக இருந்தால் முதல் மருந்து அந்த வேலையிலிருந்து விலகி நிற்பதுதான். ஒரு விந்தணு உருவாகி முடிய 74 நாள் போல ஆகும், வெளியே வரும் குழாயில் இன்னும் ஓரிரு வாரம். ஆகவே மூன்று மாதம் பிளேட்டைத் தொடாமல் டெலிவரி, பில்லிங், சார்ஜிங் பக்கம் மாறிக்கொண்டு மறுபடி பரிசோதித்துப் பாருங்கள். ஈயம் இறங்க இறங்க விந்தின் தரம் தேறுவதை 1999-ல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எலும்பில் உள்ளது மெல்லத்தான் வரும், எல்லோருக்கும் ஒரே மாதிரி திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உடம்பிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. அவை அளவு மிகக் கூடியவர்களுக்கு, மருத்துவமனையில் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. நச்சு நீக்கும் பானம், பாதத்தில் ஒட்டும் பட்டை என்று ஆன்லைனில் விற்பதற்கெல்லாம் காசைக் கொட்டாதீர்கள்.

ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களும் இதைப் படிக்க வேண்டும். பட்டறைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குகிறீர்களே, அந்தத் தூசியில் பெரியவரைவிட நாலைந்து மடங்கு ஈயத்தைச் சின்னப் பிள்ளை உடம்பு இழுத்துக்கொள்ளும். அதன் மூளையைத்தான் முதலில் பிடிக்கும். சட்டையைப் பட்டறையிலேயே மாற்றுங்கள், வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கப் போடாதீர்கள்.

முதலாளி அண்ணாச்சிமாரிடமும் நாலு காசு செலவைக் கேட்கிறேன். சோப்போடு ஒரு குழாய், சாப்பிடத் தனி இடம், பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க ஒரு வாளி, கம்ப்ரசரால் தரையை ஊதக்கூடாது என்று ஒரு கண்டிப்பு. பழைய பேட்டரியை உடைத்துக் கொல்லையில் உருக்குவதில் கிடைக்கும் லாபத்தை விட்டுவிடுங்கள்; 2022 விதிகளின்படி திரும்ப வாங்கிக்கொள்வது தயாரிப்பாளரின் கடமை, டீலரிடம் முழுசாகக் கொடுத்தாலும் எடைக்குக் காசு உண்டு. ஈயப் புகைக்கு உரிய மாஸ்க் துண்டைவிட விலை கூடத்தான், ஆனால் பில்டர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை பையன்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கும் செலவை ஆயுத பூஜை போனஸோடு சேர்த்துவிட்டால் யார் மறுக்கப் போகிறார்கள்? உங்கள் ரத்தத்தையும் சேர்த்தே கொடுங்கள் அண்ணாச்சி. முப்பது வருஷமாக அந்த ஷெட்டிலேயே உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்.

தம்பிமார்களே, மனைவிக்கு அடுத்த வாரம் மதுரையில் டெஸ்ட் எழுதியிருந்தால் உங்கள் ரத்தத்தையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒரே பஸ்தானே.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்